காற்று சாத்திய கதவு

பிரீஸ்லாந்தில் ஒரு கால்வாய்.
அதில் படகுகளுக்குக் கதவு திறப்பது என் வேலை.
கீழ்த்தண்ணீரில் வருவதை மேலே ஏற்றிவிட வேண்டும்,
மேலே வருவதைக் கீழே இறக்கிவிட வேண்டும்,
நடுவில் கையசைக்க வேண்டும்.
இருபத்திரண்டு வருடம் இதுதான்.

போன ஆகஸ்டில் நின்றபடியே தூங்கிப்போனேன்.
ஒரு ஜெர்மன் குடும்பம், வாடகைப் படகு,
இரண்டு கதவுகளுக்கும் நடுவே சிக்கி
அரை மணி நேரம் ஹாரன் அடித்திருக்கிறது.
கடைசியில் ஒரு சின்னப் பெண்
இரும்பு ஏணியில் ஏறி வந்து
என் சட்டையைப் பிடித்து இழுத்தாள், ஏதோ சொன்னாள்.
செத்துட்டீங்கன்னு நெனச்சாளாம்.
வீட்டிலிருந்து ஓடி வந்த கெர்பிரிக்
மொழிபெயர்த்தாள், சிரிக்காமல்.

மணிக்கு நாற்பத்தொரு முறை
உங்கள் மூச்சு நின்றுபோகிறது என்றது பரிசோதனை.
மூச்சுக்கு முந்நூறு தரம் கெர்பிரிக் கெர்பிரிக் என்பான் என்று
இவள் அக்காமார் கேலி பேசிய ஆள் நான்.

ஒரு கறுப்புப் பெட்டி கொடுத்தார்கள்.
நெளியும் குழாய், ரப்பர் முகமூடி.
கண்ணாடியில் பார்த்தேன்:
யாரோ பாதி வரைந்துவிட்டு எழுந்துபோன யானை.
விடிந்தால் மூக்கின் மேல் தழும்பு,
வயிறு முழுக்கக் காற்று,
காபிக்கு முன் ஏழெட்டு ஏப்பம்.
கைபேசி மட்டும் பாராட்டும்:
நேற்று ஆறரை மணி நேரம் அணிந்தீர்கள், அருமை!

முன்பெல்லாம் இவள் இருட்டில் எண்ணுவாள்.
குறட்டை நின்றதும் ஒன்று, இரண்டு...
பதினான்கு வரை பொறுப்பாள். பதினைந்தில் முழங்கை.
பெட்டி வந்தபின் அதன் சீற்றத்தில்
எது நிற்கிறது எது ஓடுகிறது என்று தெரியாமல்
மாடி அறைக்குப் போய்விட்டாள்.

நாற்பத்தொன்று முப்பத்தெட்டு ஆயிற்று.
அழுத்தத்தைக் கூட்டினார்கள். எட்டு, பத்து, பன்னிரண்டு.
முப்பத்தெட்டு நாற்பத்தாறு ஆயிற்று.
சரியாக மாட்டுவதில்லை நீங்கள் என்றார் செவிலி.
எடையைக் குறையுங்கள் என்றார்கள்.
ஒன்பது கிலோ குறைத்தேன், சீஸை விட்டேன்.
இந்த ஊரில் சீஸை விட்டவனை
மாடுகள்கூட ஒரு மாதிரிப் பார்க்கும்.
மூக்குத் தண்டு கோணல் என்றார் ஒரு மருத்துவர்.
தாடை உள்ளே போயிருக்கிறது என்றார் இன்னொருவர்.
அப்பாவின் தாடை, யாரிடம் போய்த் திருப்பிக் கொடுக்க?
நாக்கு பெரிது என்றார் மூன்றாமவர்.
அது எனக்குக் கல்யாணத்தன்றே தெரியும் என்றாள் கெர்பிரிக்.

லேவார்டனில் டாக்டர் ஹில்கெமா
மயக்கித் தூங்கவைத்து, மூக்கு வழியே கேமராவை இறக்கினார்.
பிறகு படத்தை ஓட்டிக் காட்டினார்.
ஈரச் சிவப்பில் ஒரு சுரங்கம்.
அடியில், தின்பது மூச்சுக்குழாயில் இறங்காமல் காக்கும்
சிறிய மூடி. என்னுடையது துவண்டது.
மூச்சை இழுக்கிறேன்: விழுகிறது.
பெட்டியை இணைக்கிறார், காற்று வருகிறது:
இன்னும் அழுந்தி
ஒட்டிக்கொள்கிறது.

காற்றுதான் சாத்துகிறது, பாருங்கள் என்றார்.

சிரித்துவிட்டேன், அவர் பயந்துவிட்டார்.
என் கதவுகளும் அப்படித்தானே டாக்டர்.
மேல்தண்ணீர் தள்ளத் தள்ள இறுகும்.
பத்துப் பேர் முட்டினாலும் அசையாது.
மதகைத் திருகிவிட்டு
இரு பக்கமும் ஒரே மட்டம் வரும்வரை காத்திருந்தால்
அந்த ஜெர்மன் குழந்தை தள்ளினாலே திறக்கும்.
இதைச் சுற்றுலாக்காரர்களுக்கு
தினம் நாலு தடவை சொல்கிறேன்.

வீடு வரும்வரை சிரித்தேன். பிறகு கோபம் வந்தது.
ஆறு மாதம், இரவுக்கு இரவு,
எனக்கு நானே சோம்பேறி என்று பெயர் வைத்திருந்தேன்.

மூடியைக் கொஞ்சம் வெட்டலாமாம்.
வெட்டினால் தண்ணீர் குடிக்கும்போது புரையேறலாம்,
ஏறாமலும் போகலாம்.
வரிசையில் ஐந்து மாதம்.
அதுவரை மல்லாக்கப் படுக்காதீர்கள்.

டென்னிஸ் பந்து ஒன்றை
என் இரவுச் சட்டை முதுகில் வைத்துத் தைத்தாள் கெர்பிரிக்.
தலையணையோடு கீழே வந்தாள்.
ஒருக்களித்தேன்.
குழாய் இல்லாமல் முகத்துக்கு முகம்.

வெங்காய நாற்றம் அடிக்கிறது உன் மூச்சு என்றாள்.
அடிக்கட்டும்.
வந்துகொண்டுதானே இருக்கிறது.